சொந்தப் படகும் டீசல் இயந்திரமும்



பொழுது புலருமுன் நமது மீன்பிடித் துறைகளில் நிற்பவர்களுக்கு ஓர் ஓசை நன்கு பழக்கமானது. இருளிலே படகு கண்ணுக்குப் புலப்படுமுன்பே அதன் இயந்திரத்தின் சீரான துடிப்பு காதிலே விழும். 1950களில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் துணைநிற்க, இலங்கையின் கடற்றொழிலிலே இயந்திரப் படகுகள் புகத் தொடங்கிய காலத்திலிருந்து அவ்வோசை நம் கரைகளுக்குச் சொந்தமாயிற்று. அது டீசல் இயந்திரத்தின் ஓசை.

நம் நாட்டில் உழைப்புக்கென வந்த அதே இயந்திரம், ஐரோப்பாவின் ஆறுகளிலும் கரையோரக் கடல்களிலும் வேறொரு வகைப் படகையும் செலுத்துகின்றது. உறங்க ஓர் அறையும், சமைக்க ஒரு மூலையும், செலுத்துவதற்கு ஒரு சுக்கான் சக்கரமும் கொண்ட அப்படகை ஆங்கிலேயர் 'மோட்டார் குரூசர்' என்பர். நாம் உல்லாசப் படகு எனலாம். பெயரிலே உல்லாசம் இருந்தாலும் அதன் உரிமையாளனுக்கு ஓய்வு குறைவே. மாலுமியும் அவன், இயந்திரியும் அவன், கயிறு பிடிக்கும் ஏவலாளனும் அவனே. பெருங்கப்பலிலே பலர் பங்கிட்டுச் செய்யும் தொழில்களை ஒருவன் தனித்துச் செய்யக்கூடிய நிலை எவ்வாறு உண்டாயிற்று? அந்நிலைக்கு அவன் கொடுக்கவேண்டிய விலை என்ன? இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடையையே இன்றைய பேச்சிற் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் செல்வர்கள் நீராவிப் படகுகளை வைத்திருந்தனர். அழகிய படகுகள் அவை. ஆனால் ஒரு பிற்பகற் பொழுதை ஆற்றிலே கழிப்பதற்குக் காலையிலேயே கொதிகலத்தில் நெருப்பு மூட்ட வேண்டும். நிலக்கரியை அள்ளிப் போடுவதற்கும், நீர்மட்டத்தையும் அமுக்கத்தையும் கண்ணிமைக்காமற் கவனிப்பதற்கும் தொழில் தெரிந்த ஒருவன் வேண்டும். கவனம் பிசகினாற் கொதிகலம் வெடிக்கும். ஆகவே படகின் உரிமையாளன் தன் படகிலே ஒரு பயணியாகவே இருந்தான். உண்மையான அதிகாரம் இயந்திரியின் கையிலிருந்தது.

இந்நிலையை முதலில் மாற்றியது பெற்றோல் இயந்திரம். 1886ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கொட்லீப் டைம்லர் தமது சிறிய இயந்திரத்தை ஒரு படகிற் பொருத்தி நெக்கார் ஆற்றிலே ஓட்டிக் காட்டினார். கரையிலே கூடியிருந்தோர் அப்படகு வெடித்துவிடும் என்று அஞ்சினராம். அவ்வச்சத்தைத் தணிக்க டைம்லர் படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் கட்டி, அது மின்சாரத்தால் ஓடும் படகெனத் தோன்றுமாறு செய்தார் என்று கூறுவர். மக்களை அவர் ஏமாற்றியது ஒருபுறம் இருக்க, மக்கள் கொண்ட அச்சம் வீண் அச்சமன்று என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று.

பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகும் இயல்புடையது. அவ்வாவி காற்றைவிடப் பாரமானது. தரையில் ஓடும் மோட்டார் வண்டியிலே சிறிது பெற்றோல் கசிந்தால் ஆவி வெளியே பரவிப் போய்விடும். படகின் கதை வேறு. படகு ஒரு மூடிய பாத்திரம் போன்றது. கசிந்த ஆவி மேலெழுந்து செல்லாமல் அடித்தளத்திலே தேங்கி, கண்ணுக்குத் தெரியாமற் காத்துக் கிடக்கும். பின்னர் ஒருவன் இயந்திரத்தை முடுக்குவான். அல்லது தேநீருக்கு அடுப்பு மூட்டுவான். ஒரு சிறு பொறி போதும். தீப்பற்றிய வீட்டிலிருந்து வெளியே ஓடலாம். தீப்பற்றிய படகிலிருந்து ஓடுவதற்குக் கடலைத் தவிர இடமில்லை.

இவ்வாபத்தின் முழு உருவத்தையும் உலகம் ஒரு நாளிலே கண்டது. 1945ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் தேதி பெல்ஜிய நாட்டின் ஓஸ்ரெண்ட் துறைமுகத்தில், பிரித்தானியக் கடற்படைக்கும் கனடாக் கடற்படைக்கும் உரிய விரைவுப் படகுகள் பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. அவை யாவும் உயர்தரப் பெற்றோலில் ஓடும் போர்ப்படகுகள். எண்ணெயோடு நீர் கலந்துவிட்ட ஒரு படகிலே பழுது பார்க்கும் வேலை நடந்தது. படகிலிருந்து வெளியேற்றப்பட்ட நீரோடு பெற்றோலும் சென்று துறைமுக நீரின் மேற்பரப்பிலே படர்ந்தது. அது தீப்பற்றிய கணத்தில் நீர்ப்பரப்பே எரிந்தது. பன்னிரண்டு படகுகள் அழிந்தன. அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். பகைவனின் குண்டு ஒன்றேனும் விழவில்லை. அப்போரிலே அவர்களுக்கு எதிராக நின்ற ஜெர்மானிய விரைவுப் படகுகள் 1930களிலிருந்தே டீசல் இயந்திரங்களைக் கொண்டிருந்தன என்பதும் நினைவு கூரத்தக்கது.

இனி, அவ்வாபத்துக்கு மாற்றாக வந்த இயந்திரத்தின் பிறப்பைப் பார்ப்போம். றுடோல்ப் டீசல் 1858ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். நீராவி இயந்திரம், தனக்கு ஊட்டப்படும் எரிபொருளின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கையே வேலையாக மாற்றுகின்றது என்பது மாணவப் பருவத்திலேயே அவர் மனத்தை உறுத்தியது. காற்றை வலிந்து அமுக்கினால் அது சூடேறும் என்பது பழைய உண்மை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயின் அடிப்பகுதி சுடுவதை நாமும் தொட்டு உணர்ந்திருக்கிறோம். உருளையினுள்ளே காற்றை மட்டும் அடைத்து மிக வன்மையாக அமுக்கினால், அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசையும் கடந்துவிடும். அத்தருணத்தில் எண்ணெயை உட்செலுத்தினால் அது தானாகவே எரியும். தீப்பொறி வேண்டியதில்லை, பொறியை உண்டாக்கும் மின் உறுப்புகளும் வேண்டியதில்லை. டீசல் கண்ட வழி இதுவே.

1892இல் இதற்கான உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். ஒக்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையிலே நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டார். 1897இல் ஏறத்தாழ 20 குதிரைவலுக் கொண்ட அவரது இயந்திரத்தைப் பேராசிரியர் ஒருவர் முறையாகச் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றியதைக் கண்டார். அக்காலத்து எந்த நீராவி இயந்திரமும் அதனை நெருங்கவில்லை.

கடலுக்கும் ஆற்றுக்கும் இவ்வியந்திரம் விரைவிலே சென்றது. 1903இல் ரஷ்யாவில் நோபல் குடும்பத்தாரின் எண்ணெய்க் கம்பனி 'வண்டால்' என்னும் எண்ணெய்க் கப்பலில் மூன்று டீசல் இயந்திரங்களைப் பொருத்தியது. பின்னோக்கிச் சுழலும் ஆற்றல் அவ்வியந்திரங்களுக்கு இருக்கவில்லை. அதனால் அவற்றைக்கொண்டு மின்சாரத்தை உண்டாக்கி, அம்மின்சாரத்தாலே சுழல் விசிறியை இயக்கினர். 1912இல் டென்மார்க்கின் 'செலாந்தியா' என்னும் பெருங்கப்பல் கொப்பன்ஹேகனிலிருந்து பாங்கொக் நோக்கிப் புறப்பட்டது. புகைபோக்கியில்லாத அக்கப்பலை லண்டனிலே சென்று பார்வையிட்டோருள் அக்காலத்துக் கடற்படை அமைச்சர் வின்ஸ்ரன் சேர்ச்சிலும் ஒருவர்.

ஆயினும் அந்த வெற்றியைக் கண்டவர் நெடுநாள் வாழவில்லை. 1913ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆம் தேதி இரவு, அன்ற்வேர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற 'டிரெஸ்டன்' என்னும் நீராவிக் கப்பலிலிருந்து றுடோல்ப் டீசல் மறைந்தார். சில நாட்களின் பின் ஓர் ஒல்லாந்தப் படகினர் கடலிலே மிதந்த உடலொன்றைக் கண்டு, அதிலிருந்த சிறு பொருள்களை மட்டும் எடுத்துவந்தனர். அவை தம் தந்தையாருடையவை என மகன் அடையாளம் கண்டார். கடற் பயணத்தைப் பத்திரமாக்கிய மனிதரின் முடிவு கடலிலேயே நேர்ந்தது. அதன் காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை.

கப்பலுக்கு ஏற்ற டீசல் இயந்திரம் சிறு படகுக்கு உடனே ஏற்றதாகவில்லை. ஆரம்ப கால இயந்திரங்களிலே எண்ணெயை உருளைக்குள் தூவுவதற்கு உயரமுக்கக் காற்றுத் தேவைப்பட்டது. அக்காற்றை அமுக்குவதற்கென்றே தனியானதொரு பொறி வேண்டும். முப்பதடிப் படகிலே இதனை வைத்தால் மனிதருக்கு இடமிராது. எண்ணெயைக் காற்றின் துணையின்றி நேரே அமுக்கிப் பீச்சும் நுண்ணிய பம்பி வந்த பின்னரே சிறு இயந்திரம் சாத்தியமாயிற்று. ஸ்ருட்கார்ட் நகரின் றொபேட் பொஷ் நிறுவனம் 1927இல் அத்தகைய பம்பிகளைப் பெருந்தொகையாக ஆக்கத் தொடங்கியது. மான்செஸ்டருக்கு அண்மையிலிருந்த கார்ட்னர் தொழிற்சாலை 1929இலும் 1931இலும் வெளியிட்ட இயந்திரங்கள் படகோட்டிகளிடையே பெரும் மதிப்பைப் பெற்றன. படகுக்கென அமைந்த கார்ட்னர் இயந்திரமொன்றை 1930இல் ஒரு பஸ் வண்டியிலே பொருத்தியபோது அது தரையிலும் நன்றாக உழைத்தது. 1932இல் பீற்றர்பரோ நகரிலே பேர்க்கின்ஸ் நிறுவனம் விரைந்து சுழலும் சிறு டீசல் இயந்திரங்களை ஆக்கும் நோக்கோடு தோன்றியது. இவ்வாறு பஸ்ஸும் லொறியும் படகும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வகை இயந்திரத்தைப் பெற்றன. உதிரிப் பாகங்கள் எளிதிற் கிடைத்தன. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஊர்தோறும் உண்டாயினர். ஒரு தனி மனிதன் டீசற் படகை வைத்திருக்கும் காலம் பிறந்தது.

அத்தனி மனிதன் எத்துணைத் தூரம் செல்லலாம் என்பதைக் காட்டியவர் மரேன் மரீ என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சு ஓவியர். கடற் காட்சிகளை வரைவதிற் புகழ்பெற்ற அவர், 1933இல் பாய்த்தோணியிலே தனியாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தவர். 1936இல் 'ஆரியேல்' என்னும் 13 மீற்றர் நீளமான மோட்டார்ப் படகிலே நியூயோர்க்கிலிருந்து பிரான்சுக்குத் தனியே புறப்பட்டார். அதிலிருந்தது 75 குதிரைவலுக் கொண்ட ஒரேயொரு டீசல் இயந்திரம். அவர் உறங்கும்போது படகு வழிதவறாதிருக்கக் காற்றின் திசையறிந்து சுக்கானைத் திருப்பும் தகடு ஒன்றை அமைத்திருந்தார். மூன்று வாரங்களுக்குட்பட்ட காலத்தில் அவர் மறுகரை சேர்ந்தார். ஒரு மனிதனும் ஓர் இயந்திரமும் ஒருவரையொருவர் நம்பி ஒரு சமுத்திரத்தைக் கடந்த வரலாறு அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடற்படைகள் வேண்டாவெனக் கழித்த படகுகள் பல மலிவாக விற்கப்பட்டன. அவற்றின் பெற்றோல் இயந்திரங்களைக் கழற்றிவிட்டு டீசல் இயந்திரங்களைப் பொருத்தி உல்லாசப் படகுகளாக மாற்றியோர் பலர். வீட்டுப் பஞ்சம் நிலவிய இங்கிலாந்திலே சிலர் அவற்றையே வீடாகவும் கொண்டனர். பின்னர் மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்த்த படகுகள் வந்தன. கீழைத்தேயமும் இவ்வரலாற்றிற் பங்குகொண்டது. 1960களில் ஹொங்கொங்கிலே கட்டப்பட்ட 'கிராண்ட் பாங்ஸ்' படகுகள் மீன்பிடிப் படகின் உருவத்தைத் தழுவியவை. 1963இல் சிங்கப்பூரிலே அமெரிக்கக் கடற்படை அதிகாரியாயிருந்த றொபேட் பீபே என்பவருக்காகக் கட்டப்பட்ட 50 அடி நீளமான 'பாசேஜ்மேக்கர்' என்னும் படகு, நமது இந்து சமுத்திரத்தையும் செங்கடலையும் கடந்து கிரேக்க நாட்டை அடைந்தது.

பீபே 1975இல் வெளியிட்ட நூல் படகு வைத்திருப்போருக்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறிற்று. நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு அதன் நீளத்துக்கேற்ற இயல்பான வேக எல்லை ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 8 கடல் மைல். அவ்வேகத்தை எட்டும் பொருட்டு இயந்திரத்தை நெருக்கினால் எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். வேகத்தை 6 கடல் மைலாகக் குறைத்தாலோ, மணிக்குச் செலவாகும் எண்ணெய் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிறிய தாங்கியோடு நெடுந்தூரம் செல்ல விரும்புவோன் முதலில் அடக்கவேண்டியது தன் அவசரத்தையே.

நேயர்களே, இதுவரை டீசல் இயந்திரத்தின் நன்மைகளைக் கூறினோம். அது உரிமையாளனிடம் கேட்கும் கடமைகளை இனிக் கூறவேண்டும். தீயச்சத்தை அது பெரிதும் குறைத்தது. டீசல் எண்ணெய் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினாலன்றி எளிதில் தீப்பற்றும் ஆவியை விடாது. அதனால் தீ என்பதே இல்லையென்று எண்ணிவிடலாகாது. கசிந்த டீசல் எண்ணெய் சூடான குழாயின் மேற் பட்டால் எரியும். படகிலே சமையலுக்கு வைத்திருக்கும் எரிவாயுவும், பெற்றோல் ஆவியைப் போலவே, காற்றிலும் பாரமாகி அடித்தளத்திற் சென்று தங்கும். ஓஸ்ரெண்ட் தந்த பாடம் அடுப்புக்கும் பொருந்தும்.

அச்சம் குறைந்த இடத்திலே துப்புரவு என்னும் கடமை வந்து அமர்ந்தது. எண்ணெயைப் பீச்சும் பம்பியின் உறுப்புகள் தலைமயிரினும் நுண்ணிய இடைவெளியோடு ஒன்றினுள் ஒன்று பொருந்தியவை. அவற்றுக்கு மணற்றுகளும் பகை. ஒரு துளி நீரும் பகை. தாங்கியிலே எண்ணெய் குறைந்திருந்தால் மேலேயுள்ள வெற்றிடத்திற் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிக் கீழே இறங்கும். அந்நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலே ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து கறுத்த சளி போலப் படியும். ஆகையால் படகைக் கட்டிவைக்கும் காலத்தில் தாங்கியை நிரப்பி வைப்பதும், அதன் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிப்பதும், வடிகட்டிகளைக் காலந்தவறாது மாற்றுவதும் உரிமையாளனின் முதற் கடமைகள்.

இக்கடமையிலே தவறியவனுக்குத் தண்டனை எப்போது வரும் என்பது கவனிக்கத்தக்கது. அமைதியான ஆற்றிலே அவன் கோடைகாலம் முழுவதும் படகை ஓட்டுவான். இயந்திரம் ஒரு குறையும் கூறாது. அழுக்கு தாங்கியின் அடியிலே உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் திறந்த கடலுக்குச் செல்வான். காற்று எழும், அலை படகைத் தூக்கி எறியும். தாங்கியின் எண்ணெய் கலங்கி, பல நாள் அழுக்கும் ஒரே தடவையில் மேலெழுந்து வடிகட்டியை அடைக்கும். பாறைகள் அருகிருக்க, துறைமுக வாயில் கண்ணெதிரே தெரிய, இயந்திரம் நின்றுவிடும். அத்தருணத்தில், ஆடும் படகின் அடியிலே குனிந்து வடிகட்டியை மாற்றவேண்டும். குழாயிற் புகுந்த காற்றைச் சிறு திருகுகளைத் தளர்த்தி வெளியேற்றவேண்டும். ஏனெனில் எண்ணெயோடு காற்றுக் கலந்தால் பம்பி எண்ணெயை அமுக்கமாட்டாது. இதனைக் கரையிலே பலமுறை செய்து பழகியவன் சில நிமிடங்களிற் செய்து முடிப்பான். பழகாதவனின் நங்கூரம் பிடிக்கவேண்டும் என்று கடவுளை வேண்டுவதன்றி வேறு வழியில்லை.

இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் அவ்வாறே காக்கப்படவேண்டியது. படகின் அடியிலுள்ள துளை வழியே கடல்நீரை உறிஞ்சும் பம்பியினுள்ளே ரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழல்கின்றது. கடற்பாசியோ கந்தலோ துளையை அடைத்தால், நீரின்றிச் சுழலும் அச்சக்கரம் சிறிது நேரத்திற் சிதைந்துவிடும். இயந்திரத்தை முடுக்கியவுடன் படகின் பின்புறம் எட்டிப் பார்த்து, புகையோடு நீரும் வெளிவருகின்றதா என்று நோக்குவது நல்ல படகோட்டியின் முதற் பழக்கம். குளிர்நாடுகளிலே மாரி வருமுன் அந்நீர் முழுவதையும் வடிக்கவேண்டும். வடிக்காவிடின் அது உறைந்து விரிந்து இரும்பைப் பிளக்கும்.

உப்புநீரிலே இருவேறு உலோகங்கள் அடுத்தடுத்து இருந்தால், அவற்றுள் ஒன்று மெல்ல அரிக்கப்படும். 1824ஆம் ஆண்டளவில் ஆங்கில விஞ்ஞானி சேர் ஹம்பிறி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டைக் காக்க இரும்பும் நாகமும் கொண்ட துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். அத்துண்டுகள் தாம் கரைந்து செம்பைக் காத்தன. ஆனால் செம்பு கரையாதுபோகவே அதன் நஞ்சும் நீரிற் கலவாது, சிப்பிகளும் பாசியும் கப்பலடியிலே தாராளமாக வளர்ந்துவிட்டன. டேவியின் முறை அன்று கைவிடப்பட்டாலும், இன்று ஒவ்வொரு படகின் சுழல் விசிறிக்கு அருகிலும் ஒரு நாகத் துண்டு தன்னையே தேய்த்து மற்றவற்றைக் காத்து நிற்கின்றது. அது பாதி கரைந்ததும் மாற்றவேண்டும்.

சிப்பிகளைத் தடுக்கும் வர்ணத்தின் கதையோ படகுரிமையாளர் நாணத்தக்க ஓர் அத்தியாயம். 1960களிலிருந்து வெள்ளீயச் சேர்வை கலந்த வர்ணம் பரவியது. அதைப் பூசிய படகிலே ஒன்றும் ஒட்டவில்லை, உரிமையாளர் மகிழ்ந்தனர். ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் 1970களின் பிற்பகுதியிற் சிப்பி வளர்ப்போர், தமது சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்து தடித்திருப்பதையும் குஞ்சுகள் பிழைக்காமையையும் கண்டு கலங்கினர். காரணம் அவ்வர்ணமே என்று தெளிந்தபின் பிரான்சு 1982இலும் பிரித்தானியா 1987இலும் சிறு படகுகளுக்கு அதனை விலக்கின. 2001இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து எல்லாக் கப்பல்களுக்கும் அதனைத் தடைசெய்தது. என் படகு, என் விருப்பம் என்று எண்ணுபவன், அதே நீரிலே பிறரும் பிழைக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

இறுதியாகப் படகைக் கையாளும் முறையைப் பற்றிச் சில சொற்கள். இக்கலை இயந்திரம் எதுவாயினும் ஒன்றேயாம். படகுக்குத் தடைக்கட்டை இல்லை. முன்னே செல்லும் படகை நிறுத்த, விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றவேண்டும். அவ்வாறு சுழற்றும்போது ஒற்றை விசிறிப் படகின் பின்புறம் நேரே நில்லாது ஒரு பக்கமாக இழுக்கப்படும். முன்னோக்கிச் செல்கையில் வலஞ்சுழியும் விசிறியாயின், பின்னோக்குகையிற் படகின் பின்புறம் இடப்பக்கம் சாயும். இதனை அறியாதவன் துறையிலே அயற் படகுகளை இடிப்பான். அறிந்தவன் இடப்பக்கத்தைத் துறைமேடைக்குக் காட்டி அணுகி, கடைசி நேரத்திற் பின்னோக்கிச் சுழற்றி, அவ்விழுப்பையே தன் ஏவலாளாக்கிக்கொள்வான். நீரோட்டத்தை எதிர்த்தே கரைசேரவேண்டும் என்பதும் அவன் அறிந்த விதி. ஓட்டத்தோடு வரும் படகு, சுக்கானுக்குக் கீழ்ப்படியுமுன் துறையைத் தாண்டிவிடும்.

தன் படகை ஒருவன் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கலாம் என்பதற்குச் சார்ள்ஸ் லைற்றோலர் நல்ல சான்று. 1912இல் மூழ்கிய 'ரைற்றானிக்' கப்பலின் இரண்டாம் அதிகாரியாயிருந்து உயிர்தப்பியவர் அவர். முதுமையில் 'சண்டவுனர்' என்னும் 58 அடி மோட்டார்ப் படகை வைத்திருந்தார். 1940ஆம் ஆண்டு, டன்கேர்க் கடற்கரையிலே சிக்கிய படைவீரரை மீட்பதற்கு அப்படகைக் கடற்படை கேட்டபோது, தாமே அதனைச் செலுத்துவேன் என்றார். அப்போது அவருக்கு வயது 66. துணைக்கு மூத்த மகனும் ஒரு கடற் சாரண இளைஞனும் சென்றனர். இருபத்தொருவருக்கு மேல் ஒருபோதும் ஏற்றாத அப்படகிலே ஏறத்தாழ 130 பேரை ஏற்றினார். ஆட்களைப் படுக்கவும் தாழ இருக்கவும் செய்து, படகின் ஆட்டத்தைக் காலடியிலே உணர்ந்தவாறு ஏற்றிய அவர், அதன் நிலைபேறு தளர்வதைக் கண்டவுடன் ஏற்றுவதை நிறுத்தினார். மேலிருந்து விமானங்கள் தாக்கின. குண்டுவீச்சு விமானியாயிருந்து போரின் தொடக்கத்திலேயே உயிரிழந்த அவரது இளைய மகன், விமானி குறிவைக்கும் முறையை முன்னமே தந்தைக்கு விளக்கியிருந்தான். விமானி மீளமுடியாதவாறு பாய்ந்த கணத்திலே சுக்கானை முற்றாகத் திருப்பினார். குண்டுகள் நீரில் விழுந்தன. படகிலிருந்த அனைவரும் உயிரோடு கரைசேர்ந்தனர். அப்படகு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

அன்று லைற்றோலரின் கையிலே புதுமையான கருவி எதுவும் இருக்கவில்லை. படகு எப்போது திரும்பும், எவ்வளவு சுமக்கும், எந்த நேரத்தில் மறுக்கும் என்னும் அறிவே இருந்தது. அவ்வறிவு சமாதான நாட்களிலே தன் கையால் அதனை ஓட்டியும் பேணியும் வந்தவனுக்கே வாய்க்கும்.

நேயர்களே, நீராவிக் காலத்துச் செல்வன் தன் படகின் காவலை வேறொருவனிடம் ஒப்படைத்தான். டீசல் இயந்திரம் அக்காவலை உரிமையாளன் கையிலேயே கொடுத்தது. தீயின் அச்சத்தைப் பெரிதும் நீக்கி, தனியொருவன் கடல் கடக்கும் ஆற்றலையும் தந்தது. அதற்கு ஈடாக அது கேட்பன துப்புரவான எண்ணெய், தடையற்ற நீர், காலந்தவறாத கவனம் என்பவையே. உல்லாசத்துக்குப் படகு வைத்திருப்பவனிடமும் அது இவற்றையே கேட்கின்றது. வயிற்றுப்பாட்டுக்காக வலையோடு செல்லும் நம் கடற்றொழிலாளியிடமும் இவற்றையே கேட்கின்றது. புறப்படுமுன் வடிகட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பவன், அன்று மாலை வீடு திரும்புவதற்கு வேண்டிய வேலையிற் பாதியைக் கரையிலேயே முடித்தவனாவான்.